லிண்டா சொன்ன வழி

"காணும் பொங்கலன்னைக்குக் கடலைப் பாக்கணும் தீபா. உங்க நைனாவைப் போய்ப் பாத்தா ஸ்டேட்டஸ்ல என்னத்தைப் போடறது?"

கதிரவன் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காரைக் கிளப்பினான். திருத்தணி மலை பின்னால் நகர்ந்தது.

"மாப்ள ஒரே ஒரு தபா பகல்ல வந்தா போதும்னு வருஷா வருஷம் வாசலைப் பாத்துகினு உக்காந்திருக்காரு. வேற எதுவும் அவர் கேட்டதில்லைங்க" என்றாள் தீபா.

"மறுவீட்டுக்கு வந்தேனே."

"இருட்டுல வந்து, கொசு கடிக்குதுன்னு விடியறதுக்குள்ள கிளம்பிட்டீங்க. எங்க ஊரு கறுப்பா செவப்பான்னுகூட உங்களுக்குத் தெரியாது."

"பள்ளிப்பட்டுப் பக்கம் என்ன இருக்கு? கல்லு, முள்ளு. நான் ஒரு டிராவலர்."

ஜவுளிக்கடை நடத்தும் அந்த டிராவலரை இணையத்தில் நாற்பது சொச்சம் பேர் பின்தொடர்ந்தார்கள். பாதிப் பேர் அவன் கடையிலேயே சம்பளம் வாங்குகிறவர்கள்.

பழவேற்காட்டில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. "இதுங்க எங்கிருந்து வருதுன்னா..." என்று கதிரவன் கேமராவைப் பார்த்து ஆரம்பித்தான்.

"ஏம்ப்பா ஒத்தக்கால்ல நிக்குது? டீச்சர் நிக்க வெச்சுட்டாங்களா?" என்றாள் மகள் அம்மு.

கடலோரம் கைகளை விரித்து நின்று படம் எடுத்துக்கொண்டபோது, அலை அவனுடைய ஒரு செருப்பை இழுத்துக்கொண்டு போனது. துரத்தினான். மூன்று பேரும் நனைந்ததுதான் மிச்சம். இன்னொரு செருப்பையும் கடலுக்கே வீசிவிட்டு அவனும் சிரித்தான். வறுத்த இறாலுக்கு மூவரும் சண்டை போட்டார்கள்.

"அடுத்து லிண்டாவோட இடம்" என்று போனை நீட்டினான். "பூக்களா வீடியோ போடுவாளே, அந்த வெள்ளைக்காரி. ஒரு மாசமா கெஞ்சி, நேத்துதான் லொகேஷன் அனுப்பினா. நகரி வழியா வாங்க, சாயங்கால வெயில்ல வாங்கன்னு எழுதியிருக்கா. நம்ம நாட்டோட அருமை வெளிநாட்டுக்காரிக்குத்தான் தெரியுது. வீடியோல பின்னாடி ஒரு மரங்கொத்தி டக்கு டக்குன்னு கொத்திகினே இருக்கும் பாரு, அதான் நேச்சர்."

"ஆங்" என்று சொல்லிவிட்டு தீபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நகரியில் தெலுங்கு போர்டுகள் வந்தன. "ஸ்டேட்டே மாறிடுச்சு பாத்தியா" என்றான் பெருமையாக. அம்மு தூங்கிவிட்டாள். மறுபடி தமிழ் போர்டுகள் வந்ததைக் கதிரவன் கவனிக்கவில்லை. போன் சொன்னபடி திரும்பித் திரும்பி, ஒரு மண்பாதை முடிந்த இடத்தில் கார் நின்றது.

கண்ணுக்கெட்டிய வரை கொழுஞ்சி ஊதாவாகப் பூத்திருந்தது. நடுநடுவே ஆவாரை மஞ்சள், ஓரமெல்லாம் தும்பை வெள்ளை. கதிரவன் வெறுங்காலோடு உள்ளே ஓடினான்.

"இங்கயே ஒரு வீடு கட்டிக்கினு இருந்துடலாம் தீபா."

"நெஜமாவா?"

"சத்தியமா. இந்த இடத்துக்காரன் குடுத்துவெச்சவன்."

பூக்களுக்கு அப்பாலிருந்து, மடித்துக் கட்டிய லுங்கியை அவசரமாக இறக்கிவிட்டபடி ஒருவர் வந்தார். தீபாவின் அப்பா மணவாளன்.

"வாங்க மாப்ள" என்றவர் அவன் கால்களைப் பார்த்ததும் கலங்கிவிட்டார். "செருப்புகூடப் போடாம வந்திருக்கீங்களே. எனக்கு எதுக்குங்க இவ்வளவு மரியாதை?"

கதிரவன் தீபாவைப் பார்த்தான். பூக்களைப் பார்த்தான். "மாமா... இங்க ஒரு மரங்கொத்தி..."

"அது நம்ம தறி மாப்ள. பொங்கலுக்கு லீவு. இந்தப் பூவெல்லாம் மாடு திங்காதுன்னு வெட்டாம உட்டு வெச்ச செடிங்கதான். உள்ள வாங்க, உங்க அத்தை வடைக்கு எண்ணெய் காயவெச்சுட்டு நிக்கிறா."

கதிரவன் தொண்டையைச் செருமினான். "சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் மாமா முன்னாடியே சொல்லல."

மாமனார் அவன் கையைப் பிடித்தபடி, வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் "எங்க மாப்ள" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். கதிரவன் இன்னொரு கையால் போனை எடுத்து, 'நன்றி லிண்டா மேடம். நீங்க எந்த நாடு?' என்று தட்டி அனுப்பினான்.

பின்னால் வந்துகொண்டிருந்த தீபாவின் கைப்பைக்குள் 'டிங்' என்றது.