முன் சீட்டில் யார்?

"அம்மா, மறுபடியும் யாரோ சீட்டப் பின்னால தள்ளியிருக்காங்க. கால் வைக்க எடமில்ல!"

பின்னாலிருந்து லோஷினி கத்தினாள். ஷர்மினி இறங்கி, காரைச் சுற்றி வந்து இடப்பக்கக் கதவைத் திறந்தாள். முன் சீட்டு கடைசி வரைக்கும் பின்னால் போய், மகளின் முட்டியை நெருக்கிக்கொண்டு நின்றது. போன சனிக்கிழமை பிள்ளைகளை டியூஷனுக்குக் கூட்டிப் போனபோது இவள்தான் அதை முன்னால் இழுத்து வைத்தாள். அதற்கு முந்தின சனிக்கிழமையும்.

வாரம் முழுக்கக் கார் அவள் கணவன் காளிதாஸுக்கு. தெப்ராவ் தொழிற்சாலைக்குத் தனியாகத்தான் போய் வருகிறான். அப்படியானால் பக்கத்துச் சீட்டில் யார்?

யாரோ ஒரு நீளக் கால்காரி. காளிதாஸ் ஆறடி. ஷர்மினி ஐந்தடிக்கும் குறைவு. கல்யாணப் படத்தில் முக்காலி மேல் நின்றவள்.

சின்னக் கார்தான். கதவைச் சாத்தினால் பிஸ்கட் டின் சத்தம். நெடுஞ்சாலையில் லோரி தாண்டினால் ஒரு குலுக்கு குலுக்கும். இரண்டு மூட்டை அரிசியோடு பின்பக்கம் நிறைந்துவிடும். ஆனால் ஒருமுறை பெட்ரோல் ஊற்றினால் வாரம் ஓடும். பெர்மாஸ் ஜெயா கடைத்தெருவில் எந்த இடுக்கிலும் நுழைந்து நிற்கும். இப்போது அதன் இன்னொரு குணமும் தெரிந்தது. பெரிய கார் ரகசியம் காக்கும். இதில் ஒருத்தி கால் நீட்டினால் இன்னொருத்தியின் பிள்ளைக்கு முட்டி இடிக்கும்.

ஓட்டுகிற சீட்டை மட்டும் அவன் ஒழுங்காக வைத்திருந்தான். முன்பெல்லாம் பெடல் எட்டாமல் அவள்தான் அதை இழுத்துப்போட்டு உட்காருவாள். இரண்டு மாதமாக அது அவள் விட்ட இடத்திலேயே, அவள் காலுக்கு அளவாகக் காத்திருந்தது. தப்புச் செய்கிறவனுக்கு வரும் கரிசனம் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று மாலை பக்கத்து வீட்டு செல்வராணி வேலியோரம் வந்து நின்றாள்.

"தப்பா நெனைக்காத, ஷர்மினி. நேத்து ஆறு மணிக்கு உங்க காருலேர்ந்து ஒரு பொண்ணு எறங்குச்சு. நீ பிள்ளைங்களோட ஏழு மணிக்கு வர்றதுக்குள்ள போயிருது."

"என்ன பொண்ணுக்கா?"

"நம்ம தமிழ்ப் பொண்ணுதான், சின்ன வயசு. ஜன்னல்லேர்ந்து தலை மட்டும் தெரிஞ்சுது."

"உயரமா?"

"உங்க காரு பக்கத்துல நின்னா எல்லாரும் உயரந்தான், லா!"

செல்வராணி சிரித்தாள். ஷர்மினிக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிறு காலை பசியாறும்போது கேட்டுப் பார்த்தாள். "கார்ல உங்ககூட யாராச்சும் வர்றாங்களா?"

"இல்லியே. ஏன்?" காளிதாஸ் பதில் சொன்னது அவள் காதோரச் சுவருக்கு. கொஞ்ச நாளாகவே அவன் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

"கோயிலுக்குப் போலாமா? இன்னிக்கு நீங்க ஓட்டுங்க."

"நீ போய்ட்டு வா லா. எனக்கு அசதியா இருக்கு."

என்னோடு வரத்தான் அசதி. இனிப்பு நீர் வியாதிக்கு மாத்திரை போடுகிற வயதில் இந்த மனுஷனுக்கு இது வேறு. வாசலில் நின்ற காரில் ஏறி அந்த முன் சீட்டைப் பின்னால் தள்ளி உட்கார்ந்து பார்த்தாள். காலை எவ்வளவு நீட்டியும் முன்பக்கம் எட்டவில்லை. பாதத்துக்கும் அதற்கும் நடுவே மிஞ்சிய இடம், அவளைவிட இன்னொருத்தி எவ்வளவு உசத்தி என்று அளந்து காட்டியதுபோல் இருந்தது.

திங்கட்கிழமை சூப்பர்மார்க்கெட் கவுண்ட்டரில் தலைவலி என்று சொல்லிவிட்டு ஐந்து மணிக்கே கிளம்பினாள். பத்து பாகாட் ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போக, தனக்கும் பிள்ளைகளுக்கும் துணி எடுத்து வைத்துவிட்டு, கேட்டோரம் வந்து நின்றாள்.

ஆறு மணிக்குக் கார் வந்து நின்றது.

வலப்பக்கக் கதவைத் திறந்துகொண்டு ஓர் இளம்பெண் இறங்கினாள். தொழிற்சாலைச் சட்டை, கையில் கார்ச் சாவி. ஷர்மினியின் உயரம்தான் இருப்பாள்.

இடப்பக்கக் கதவு திறந்தது. நீளமான இரண்டு கால்கள் முதலில் வெளியே வந்தன, பிறகு காளிதாஸ்.

"அண்ணே, லோங்காங்ல கால வச்சிராதீங்க. ரெண்டடி தள்ளி வாங்க," என்றாள் அந்தப் பெண், வாசலோரச் சாக்கடையைப் பார்த்தபடி. "இன்னிக்காச்சும் அண்ணிகிட்ட சொல்லிருங்கண்ணே."

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் பிரவீனா."

காரின் விளிம்பை உள்ளங்கையால் தடவிக்கொண்டே அவன் கேட்டை நோக்கி வந்தான். திட்டுவதற்கென்று இரண்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளோடு ஷர்மினி முன்னால் வந்தாள். வழியை மறித்து அப்படியே நின்றாள். வெயில் இன்னும் இறங்கவில்லை.

ஒரு கை தூரத்தில் காளிதாஸ் நின்றான். பல வாரங்களுக்குப் பிறகு அவள் முகத்துக்கு நேராகப் பார்த்து, மரியாதையாகச் சிரித்தான்.

"யாரு, செல்வராணி அக்காவா?"