மச்சானுக்காக ஒரு மென்பொருள்

மைக் சோலைச்சாமியின் கைக்கு வந்துவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாண மண்டபம் ஒன்றில் கட்டற்ற மென்பொருள் விழா. மென்பொருள் எழுதி ஊருக்குச் சும்மா கொடுத்த மூன்று மகான்களுக்கு மரியாதை. ஏன் கொடுத்தீர்கள் என்று ஒவ்வொருவரும் மேடையில் சொல்ல வேண்டும்.

முதலில் ஜெபக்குமார். மனிதகுல விடுதலைக்காக எழுதினேன் என்றார். அந்த விடுதலையைக் காட்டித்தான் பெங்களூர் கம்பெனியில் வேலை வாங்கினார். அதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார், பாவம்.

அடுத்து பியூலா. தாய்மொழிக்குத் தொண்டாம். லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டால் மாமியார் அடுக்களைக்குக் கூப்பிடுவதில்லை என்று சற்றுமுன் காபி குடிக்கும்போது அவளே சொல்லிச் சிரித்தாள். மேடை ஏறியதும் தமிழ்த்தாய் வந்து இறங்கிவிட்டாள்.

சோலைச்சாமிக்கு இந்தப் பூச்சுவேலையெல்லாம் ஆகாது. உள்ளதை உள்ளபடி சொல்லப் போகிறான். ஏழு வருஷமாக இப்படி ஒரு மைக்குக்காகத்தானே காத்துக் கிடந்தான்.

முன்வரிசையில் மச்சான் இசக்கிமுத்து உட்கார்ந்திருந்தார். சோலைச்சாமி பொண்டாட்டியின் அண்ணன். வெள்ளை வேட்டி, மடியில் ஒரு துணிப்பை.

அந்தக் காலத்தில் பஜாரில் கடை போட்டு, பில் போடும் சாஃப்ட்வேர் விற்றவர். ராஜபாளையம் மில் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் சோலைச்சாமி, தானும் அதேபோல ஒன்று எழுதி ஆசையாகக் கொண்டுபோய்க் காட்டினான். மனுஷன் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலில் காதுகுத்து நடந்தபோது, அம்புட்டுச் சொந்தமும் பந்தியில் உட்கார்ந்திருக்கையில் சொன்னார்.

"மாப்ளை எழுதுனதை ஓசியில குடுத்தாக்கூட ஒரு பய தொட மாட்டான்."

பந்தியே சிரித்தது. பாயசம் ஊற்றியவன்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

அப்படியா சேதி என்று அந்த வாரமே ஓசியில் கொடுத்தான் சோலைச்சாமி. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம் என்று உரிமம் போட்டு இணையத்தில் ஏற்றினான். மச்சான் பிழைப்பில் மண் விழ வேண்டும். அவனுடைய தத்துவம் அவ்வளவுதான்.

விழுந்தது. இரண்டு வருஷத்தில் மச்சான் பஜார் கடையின் பலகையைக் கழற்றிவிட்டார் என்று காதுக்கு வந்தது. பால்கோவா கடை, பாத்திரக்கடை, கான்சாபுரத்து உரக்கடை வரைக்கும் சோலைச்சாமியின் பில்தான். பேச்சுவார்த்தை நின்றுபோனதால் மச்சான் முகம் போன போக்கைப் பார்க்க மட்டும் கொடுத்து வைக்கவில்லை.

விட்டானா? மில் வேலை போக மிச்ச நேரமெல்லாம் அதைத்தான் திருத்தித் திருத்தி ஏற்றினான். ஞாயிற்றுக்கிழமை கிடையாது, நல்லநாள் கிடையாது. பொண்டாட்டி கனகலட்சுமி ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. தன் வைராக்கியத்தைக் கண்டு பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

இதோ, அந்த முகம் இப்போது நாலடி தூரத்தில் இருக்கிறது.

"இதை நான் விடுதலைக்கும் எழுதலை, தமிழுக்கும் எழுதலை," என்றான். "ஒரே ஒரு ஆளை மனசுல வச்சுத்தான் எழுதுனேன். அந்த ஆளு இந்தா, முன்னாடி உக்காந்திருக்காரு. எம் மச்சான்."

இவர் கடையை இழுத்து மூடத்தான் எழுதினேன் என்ற அடுத்த பேச்சு தொண்டைக்கு வந்துவிட்டது.

அதற்குள் இசக்கிமுத்து எழுந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. பையிலிருந்து பொன்னாடையை உருவிக்கொண்டு விறுவிறுவென்று மேடை ஏறினார். மைக்கை அவராகவே வாங்கிக்கொண்டார்.

"யாவாரம் படுத்துத் தெருவுல நிக்க வேண்டியவன் நான். எங்கிட்ட நேரா குடுத்தா கௌரவம் பார்த்து வாங்க மாட்டேன்னு, ஊருக்கே குடுக்குற மாதிரி எனக்குக் குடுத்தாக மாப்ளை. அதைக் கடை கடையாப் போட்டுக் குடுத்து, வருஷா வருஷம் சர்வீஸ் பார்த்துத்தான் இன்னைக்கு இருபது குடும்பம் எங்கிட்ட சோறு திங்குது."

சோலைச்சாமிக்கு அப்போதுதான் விளங்கியது. பஜார் பலகையைக் கழற்றியவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பெரிய மாடிக்குப் போயிருக்கிறார். இணையத்தில் இத்தனை பேர் தேடி வந்து எடுத்துப் போகிறார்களே என்று இவன் தினமும் எண்ணிப் பூரித்ததெல்லாம் மச்சானுடைய ஆட்களைத்தான்.

கைதட்டல் அடங்கவே இல்லை. பெண்கள் வரிசையில் கனகலட்சுமி எழுந்து நின்று தட்டினாள். அண்ணன் பிழைப்பு இதில்தான் ஓடுகிறது என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. புருஷனும் அண்ணனும் சொல்லாமல் கொள்ளாமல் ராசியாகிவிட்டார்கள் என்றே இத்தனை வருஷமும் நம்பியிருக்கிறாள், கள்ளி. இப்படி ஒரு காரணம் நமக்குத் தோன்றவில்லையே என்று ஜெபக்குமார் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

சபையில் மச்சான் போடும் பொன்னாடையை எந்த மாப்பிள்ளை உதற முடியும்? சோலைச்சாமி குனிந்து கழுத்தைக் கொடுத்தான். உள்ளே திகுதிகுவென்று எரிந்தது.

பொன்னாடையைச் சரிசெய்கிற சாக்கில் இசக்கிமுத்து காதோரம் வந்தார்.

"பில்லு அப்படியே வாட்ஸ்அப்புல போற மாதிரி ஒண்ணு செஞ்சு ஏத்திவிடுங்க மாப்ளே. கடைக்காரவுக உசுர வாங்குதாக."

நீயும் உன் கடைக்காரர்களும் நாசமாய்ப் போங்கள் என்று சொல்லத்தான் சோலைச்சாமி வாயைத் திறந்தான்.

"நம்பரைப் பில்லு போடும்போதே கேட்டுரணுமா, இல்லை, பொறவு கேட்டாப் போதுமா?" என்றான்.