யாரும் சாப்பிடாத சர்க்கரை

கடைசி அடிக்குறிப்பு என்னை நூலகத்தின் அடித்தளத்துக்கு இழுத்துவந்திருந்தது.

கூரையை ஒட்டிய சின்ன ஜன்னல் வழியாக மதிய வெயில் சாய்வாக இறங்கிக்கொண்டிருந்தது. அதில் தூசி மிதந்தது. மேஜை மேல் ஒரு மெல்லிய அறிக்கை, பழுப்பேறிய தாள், மங்கிப்போன சைக்ளோஸ்டைல் எழுத்து. திறக்க மனசு வராமல் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வருஷாவருஷம் இந்த நாட்டில் உற்பத்தியாகும் சர்க்கரையில் கால் பங்கு காணாமல் போகிறது. ஆலையை விட்டு வெளியே வருகிறது. ஏற்றுமதி ஆகவில்லை. கணக்குப்படி யாரும் சாப்பிடவும் இல்லை. எல்லாம் பதுக்கல்காரர்களின் வேலை என்பது என் முடிவு. அதுதான் என் ஆய்வின் நடு அத்தியாயம். உண்மையைச் சொன்னால், அது இல்லாவிட்டால் எனக்குப் பட்டமே இல்லை.

கூடப் படிக்கிறவர்கள் எனக்கு வைத்த பெயர் சர்க்கரை போலீஸ்.

தூக்கத்திலும் அந்தச் சர்க்கரை வரும். நீளநீளமான கிடங்குகள், கதவே இல்லாதவை. உள்ளே வெள்ளை வெளேரென்று குவியல் குவியலாக, ஒரு எறும்புகூட எட்டிப் பார்க்காமல் கிடக்கும். நான் வெறுங்காலோடு நடந்து போய்க்கொண்டே இருப்பேன்.

நெறியாளர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"யாரும் சாப்பிடலைன்னு சொல்றியே, ஒருத்தர் எவ்வளவு சாப்பிடறாங்கன்னு யார் அளந்தாங்க?"

இன்று சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும். மூல ஆதாரத்தைக் காட்டாமல் அத்தியாயத்தில் கையெழுத்துப் போட மாட்டார், பிடிவாதக்காரர்.

அளந்தவரைத் தேடிப் போனேன். தலைக்கு இவ்வளவு சர்க்கரை என்ற அந்த எண்ணை எல்லோரும் இன்னொருவரிடமிருந்து வாங்கியிருந்தார்கள். பாடப்புத்தகம் ஆண்டறிக்கையைக் கைகாட்டியது. ஆண்டறிக்கை ஒரு ஆணையத்தைக் கைகாட்டியது. ஆணையமோ அதற்கு முந்தைய ஆண்டறிக்கையைக் காட்டிவிட்டுக் கழன்றுகொண்டது. ஒருவர் தசமப் புள்ளிக்குப் பின்னால் இருந்ததை வெட்டியிருந்தார். இன்னொருவர் 'தற்காலிக' என்ற சொல்லை விழுங்கியிருந்தார். அவருக்கு அப்புறம் வந்த மகானுபாவர், 'பல ஆய்வுகள் காட்டுவதுபோல' என்று கூசாமல் எழுதியிருந்தார்.

பின்னால் போகப் போக எண்ணுக்கு வயது குறைந்துகொண்டே வந்தது. எனக்கும்தான். இந்த அறிக்கை வந்த வருஷம் நான் மழலை பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

திறந்தேன்.

கடைசிப் பக்கத்தில் கணக்கு இருந்தது. மாதிரி: ஒரு நகரக் குடும்பம். ஆமாம், ஒரே ஒரு குடும்பம். அந்த வீட்டுக்கு மாதாமாதம் ஆகும் சர்க்கரையை நான்கால் வகுத்திருந்தது. கீழே தயாரித்தவரின் கையெழுத்து. பள்ளிக்கூடத்து மதிப்பெண் அட்டைகளில் எல்லாம் நான் பார்த்துப் பழகிய கையெழுத்து.

அப்பா.

அவர் புள்ளியியல் துறையில் வேலை பார்த்தவர் என்பது தெரியும். இந்த எண்ணைப் பெற்றவர் அவர்தான் என்பது தெரியாது. எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. சிரித்துக்கொண்டே போன் போட்டேன்.

அப்பாவும் விழுந்து விழுந்து சிரித்தார். "மறுநாளே எண் வேணும்னு மேலேர்ந்து உத்தரவு. சர்வே ஆரம்பிக்கவே இல்ல. நம்ம வீட்டு டப்பாவை வெச்சு ஒரு கணக்குப் போட்டேன். அடுத்த வருஷம் மாத்திக்கலாம்னு பாத்தா, அதுக்குள்ள பெரிய மனுஷங்க எல்லாம் எடுத்து எழுதிட்டாங்க."

நம்ம வீடு.

நான் ஒரே பிள்ளை. எங்கள் வீட்டில் எப்போதும் மூன்று பேர்தான்.

மூன்றால் வகுத்துப் பார்த்தேன். தலைக்கு வரும் பங்கு கூடியது. நாடு முழுக்கப் பெருக்கினால், காணாமல் போன கால் பங்கு வந்து பொருந்திக்கொண்டது. கிடங்குகள் இல்லை. பதுக்கல்காரர்கள் இல்லை. இத்தனை வருஷ உழைப்பும் அப்பாவின் ஒரு வகுத்தல் பிழை மேல் நின்றிருக்கிறது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நாலால வகுத்திருக்கீங்க! நாம மூணு பேர்தானேப்பா? ஆள் எண்ணக்கூடவா தெரியாது உங்களுக்கு?"

சிரிப்பு நின்றது.

"இரு. அம்மாகிட்ட குடுக்கறேன்."

அம்மா போனை வாங்கிக்கொண்டு வேறு அறைக்குப் போனாள் போல. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அப்புறம் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"எனக்கு அப்ப ஏழு மாசம்டி. வரப்போற குழந்தையையும் சேத்துத்தான் உங்கப்பா எழுதிக் குடுத்தார். அறிக்கை வெளிய வர்றப்போ குழந்தை இல்ல."

வெயில் மேஜையை விட்டு இறங்கித் தரைக்குப் போயிருந்தது. எனக்குத் தம்பியா தங்கையா என்று கேட்க வாய் வரவில்லை. கூடவே ஒன்று புரிந்தது. அத்தனை வருஷமும் யாரும் தொடாமல் கிடந்தது அந்தப் பிள்ளையின் பங்கு.

"ஆபீஸ்ல வருஷாவருஷம் கேப்பாங்க, திருத்தணுமான்னு. அப்படியே இருக்கட்டும்னுடுவார். திருத்தினா அவர் கையால மூணுன்னு எழுதணுமே."

கதவு திறந்தது. போன் கை மாறியது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆபீஸ் குரலை வரவழைத்துக்கொண்டார்.

"ஆய்வுல தப்பு இருக்கக் கூடாதும்மா. மூணுன்னு மாத்தி எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்பா" என்றேன்.

பேனாவை இன்னும் திறக்கவில்லை.