எதிர் அணியில் பேசுபவர்

மைக் கைமாறியதும் அச்சகக்காரர் எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த டாக்டர் தன் குறிப்புகளை மூடி வைத்தாள். அவர் பேச ஆரம்பித்துவிட்டால் அவளுக்கு வேறெதுவும் ஓடாது.

நூலகத்தின் மாடி அரங்கம் நிரம்பி வழிந்தது. பின்சுவரில் தொங்கிய துணியில் கொட்டை எழுத்தில் தலைப்பு: 'ஊரடங்கு காப்பாற்றியதா, கெடுத்ததா?'

நோய் வந்து போய் வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் இந்தப் பேச்சை எடுத்தால் போதும், ஊர் இரண்டாகப் பிரிந்து மல்லுக்கு நிற்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு எதற்கு இந்த வம்பு என்று வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். டாக்டர் காதில் போட்டுக்கொள்வதில்லை. யார் கூப்பிட்டாலும் அவள் கேட்பது ஒன்றுதான்: எதிர் அணியில் யார் பேசுகிறார்கள்?

அச்சகக்காரர் என்று தெரிந்தால் மறுபேச்சில்லாமல் வருகிறேன் என்பாள். இருவரும் மோதினால் கூட்டம் களைகட்டும் என்பது ஏற்பாடு செய்பவர்களுக்கும் பழகிவிட்டது.

"கல்யாணம் இல்லே, கூட்டம் இல்லே, கடை திறப்பு இல்லே. அப்புறம் எவன் பத்திரிகை அடிப்பான்? மெஷின் துருப்பிடிக்கிறதைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். கூட இருந்த ஆளுங்க ஒவ்வொருத்தரா கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் போனாங்க."

முன்வரிசையில் கடைக்காரர்கள் கைதட்டினார்கள்.

அச்சகக்காரர் இளைத்திருந்தார். சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றித் தொளதொளவென்று நின்றது. காதோரம் நரை ஏறிவிட்டது. குரல் மட்டும் மாறவில்லை. 'ழ' வரும் இடத்தில் லேசாக வழுக்கியது.

"தொழில் போனா மறுபடி பிடிச்சுக்கலாம். எங்கப்பா போனது போனதுதான். அவர் ஆஸ்பத்திரிக்குள்ள. நான் கேட்டுக்கு வெளியில, கொட்டற மழையில. ஒரு தடவை முகத்தைப் பார்த்துட்டு வந்துடறேன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். விடலை. வேற எங்கயும் இல்லீங்க, இந்த டாக்டரம்மா பொறுப்புல இருந்த ஆஸ்பத்திரிதான்."

அரங்கத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

டாக்டரின் முறை வந்தது. படுக்கை கிடைக்காமல் ஆம்புலன்ஸிலேயே காத்துக் கிடந்தவர்களைப் பற்றிப் பேசினாள். முகமூடித் தழும்போடு மறுநாளும் வேலைக்கு வந்த நர்ஸுகளைப் பற்றி, ஊர் அடங்கிய பிறகே கொஞ்சம் மூச்சுவிட்ட வார்டுகளைப் பற்றி. பட்டினி கிடந்தவர்கள் உண்டு, எழுத்தை மறந்துபோன பிள்ளைகள் உண்டு, அதை நான் மறுக்கவில்லை என்றாள். ஆனால் அன்றைக்குக் கதவைத் திறந்திருந்தால் நோய் வீட்டுக்கு வீடு போயிருக்கும்.

முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"உங்க வீட்டு மனுஷங்களா இருந்தா திறந்திருப்பீங்கல்ல?"

பதில் சொல்ல வேண்டிய அவசியமில்லை என்று நடுவர் குறுக்கிட்டார். அச்சகக்காரர் தலை நிமிராமல் மேசைவிரிப்பின் ஓரத்து நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"திறந்திருக்க மாட்டேன்," என்றாள் டாக்டர்.

கல்நெஞ்சு என்று எவரோ முணுமுணுத்தது மேடைவரை கேட்டது.

அச்சகக்காரர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "அவங்க சொல்றது நிஜம். திறக்கவே மாட்டாங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

கைதூக்கச் சொன்னபோது அவர் பக்கம்தான் ஜெயித்தது. கடைக்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு முதுகில் தட்டினார்கள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கைப்பையில் எதையோ தேடினாள். மறுபடி கண்ணாடியைத் துடைத்தாள். ஒவ்வொரு கூட்டத்திலும் இப்படித்தான் நேரத்தைக் கடத்துவாள். அவர் பக்கவாட்டுக் கதவு வழியாக இறங்கிப் போய்விடுவார்.

இன்றைக்குப் போகவில்லை.

ஆள் ஒழிந்த அரங்கத்தில் நாற்காலிகளைத் தாண்டி, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"நம்ம அப்பா கடைசியா என்னைக் கேட்டாராக்கா?"

நம்ம அப்பா. அக்கா.

தம்பி வாயிலிருந்து அந்த வார்த்தைகள் வருமா என்றுதான் அவள் மேடை மேடையாக ஏறி இறங்கியிருந்தாள். போனை எடுக்காதவன், வீடு தேடிப் போனாலும் எட்டிப் பார்க்காதவன், எதிர் அணியில் உட்காரும்போது மட்டும் அவள் காதுபடப் பேசினான்.

"கேட்டாருடா. வெளியில நிக்கிறான்ப்பான்னேன். உள்ள விட்டுடாதேம்மா, அவனுக்குக் கைக்குழந்தை இருக்குன்னாரு."

அவன் ஹெல்மெட்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்தான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் தம்பி முழுசாகத் திரும்பக் கிடைப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

"அவரே உன்னை விடச் சொல்லியிருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேண்டா."

அவன் கதவுப் பக்கம் திரும்பினான். கீழே யாரோ வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது. அது தேய்ந்து மறையும்வரை அப்படியே நின்றான்.

பிறகு ஒரு நாற்காலியை இழுத்து அவள் எதிரில் போட்டு உட்கார்ந்தான்.

"கையைப் பிடிச்சுட்டு இருந்தியா?"

அவள் தலையாட்டினாள்.

"எந்தக் கையால?"

வலது கையை நீட்டினாள். "க்ளவுஸ் போட்டிருந்தேண்டா."

"பரவால்லக்கா," என்று அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.