எல்லோருக்கும் பதில்

"சார், மெயிலுக்குக் கீழே ரெண்டு அம்பு தெரியும். ஒத்தை அம்பை அழுத்தினா பதில் எனக்கு மட்டும் வரும். ரெட்டை அம்பை அழுத்தினா எல்லாருக்கும் போயிடும். அந்த ரெட்டை அம்புப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுத்துடாதீங்க!"

"ஒத்தை அம்பு. சரி, புரிஞ்சுது."

முன்பு ஒருநாள் போனில் நடந்த இந்தப் பேச்சு வீட்டு புரோக்கருக்கு இப்போது நினைவுக்கு வந்தது. புரிந்துகொண்ட லட்சணம் கம்ப்யூட்டர் திரையில் விரிந்து கிடந்தது.

மேஜைக்கு எதிரே, அன்று போனில் பேசிய கணவனும் அவன் மனைவியும். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரிந்து ஒரு வருடம் ஆகிறது. அவள் சொந்த வீட்டிலேயே இருந்தாள், அவன் வாடகை அறையில். வீடு இருவர் பேரிலும் இருந்தது. அதை விற்றுப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டால் கடைசி ஒட்டும் அறுந்துவிடும்.

இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதனால், வீடு கேட்டு வருகிறவர்களுக்கு எழுதும் மெயிலிலெல்லாம் இவர்களையும் சேர்த்துவிடுவது புரோக்கரின் வழக்கம். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"வானத்துல கேமரா பறக்கவிட்டுப் படம் எடுத்தேன். வீட்டுக்குள்ள நடந்து போற மாதிரி வீடியோ போட்டேன். மெயில் வந்தா, சாப்பாட்டுல கை வெச்சிருந்தாக்கூட எழுந்துபோய்ப் பதில் போடறவன் நான். இந்த ஏரியாவுல மத்தவனெல்லாம் இன்னும் கம்பத்துல அட்டை கட்டிட்டுத் திரியறான்! என் கைக்கு வந்தும் ஒரு வீடு விக்கலைன்னா, தப்பு வீட்டு மேல இல்லை."

"பின்னே யார் மேல?" என்றாள் மனைவி.

"படிக்கறேன், கேளுங்க. ஒரு டாக்டர் தண்ணி வசதி எப்படின்னு கேட்டாரு. 'அமோகம்'னு போட்டேன். உடனே மேடம் எழுதறீங்க: 'குழாயை ஒழுங்கா மூடத் தெரியாத மனுஷன் போனதுக்கப்புறம் அமோகம்தான்.' அதுக்கு சார்: 'குழாய் ரிப்பேருக்கு வந்தவனை வாசலோட விரட்டினது யாரு?' ரெண்டுமே ரெட்டை அம்பு! டாக்டர் அன்னிக்கு ஓடினவருதான்."

"அடடா, அவருக்கும் போயிடுச்சா?" கணவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"ஊருக்கே போச்சு! அடுத்தது பேங்க் மேனேஜரம்மா. பால்கனியில காத்து வருமான்னு கேட்டாங்க. சார் என்ன எழுதறீங்க? 'காத்து வரும். ஆனா அங்க உக்காந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா, ஒரு வாரத்துக்கு இறங்காது.' மேடம் சும்மா இருப்பீங்களா? 'ஏன் தூக்கி வெச்சிருக்கேன்னு வந்து ஒரு வார்த்தை கேட்டா கால் தேஞ்சிடுமா?'"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அந்தம்மா எனக்கு எழுதின பதில் தெரியுமா? 'வீடு வேண்டாம். அடுத்த மெயில் வந்தா மட்டும் தவறாம அனுப்புங்க, கதை நல்லாப் போகுது'ன்னு! என் மானம் கப்பலேறிடுச்சு."

அவன் பார்வை மறுபடி மின்விசிறிக்கும், அவள் பார்வை சுவருக்கும் போயின. புரோக்கருக்கு இன்னும் ஏறியது.

"என் பொண்ணு ஒண்ணாங்கிளாஸ் படிக்கறா. அவகிட்ட ஒரு தடவை காட்டினாப் போதும், பட்டு பட்டுன்னு அழுத்துவா. உங்களைப் பார்த்தா படிச்சவங்க மாதிரிதான் தெரியுது. என்னத்தைப் படிச்சீங்களோ!"

"அம்பு எல்லாம் ஒண்ணுதான்னு நினைச்சுட்டேன்" என்றான் கணவன்.

"எனக்கு மவுஸே சரியாப் பிடிக்க வராது" என்றாள் மனைவி.

புரோக்கர் தலையில் அடித்துக்கொண்டார்.

"சரி, போனது போகட்டும். இப்ப வந்திருக்கறவர் பேரமே பேசலை. சொன்ன விலைக்கே எடுத்துக்கறாராம். நீங்க ரெண்டு பேரும் 'சம்மதம்'னு ஒரு வார்த்தை எனக்கு அனுப்பினாப் போதும், இன்னிக்கே முடிச்சிடுவேன். என் கண் முன்னாடி, என் கம்ப்யூட்டர்லயே அனுப்பறீங்க. ஒரே வார்த்தை. குழாய் வேண்டாம், பால்கனி வேண்டாம்!"

அவர் போன் அடித்தது. எண்ணைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அவர்தான்! பேசிட்டு வரேன். அதுவரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருங்க. எதையும் தொட்டுத் தொலைக்காதீங்க, நான் வந்து சொல்லித் தரேன்."

வராந்தாவில் அவர் குரல் தேனாக வழிந்தது. "ஐயோ, ரொம்ப நல்ல ஜோடி சார். கொஞ்சம் விவரம் பத்தாது, அவ்வளவுதான்... எழுதிக் கொடுத்தாலும் தப்பா அழுத்துவாங்க... இதோ, பக்கத்துல நின்னு அனுப்ப வெச்சிடறேன்."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு துள்ளலாகத் திரும்பியவர், கண்ணாடிக் கதவைப் பாதி தள்ளியதும் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே அந்த இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஆபீஸ்ல புதுசாச் சேர்றவங்களுக்கெல்லாம் மெயில் அனுப்பக் கிளாஸ் எடுக்கற மனுஷனுக்கு, எந்த அம்பு எதுன்னு தெரியாதாக்கும்?"

"அந்தக் கிளாஸ்ல முதல் வரிசையில உக்காந்து, நான் சொன்னதையே தப்புன்னு திருத்தினவளுக்கு மவுஸ் பிடிக்க வராதாக்கும்?"

அவள் குனிந்துகொண்டாள். "வந்தவங்க ஒவ்வொருத்தரா ஓடினப்போ எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?"

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். ஒரு வருடமாக எந்த மெயிலிலும் எழுத வராததைக் கடைசியில் வாய்விட்டே கேட்டான்:

"நான் வீட்டுக்கு வந்துடட்டுமா?"