கேமராவுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜையன்று இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்த பரிமளா, வெல்டிங் ரோபோவின் கம்பிக் கூண்டுக்கு மேலிருந்த கேமராவையும் விட்டுவைக்கவில்லை. கூண்டுக்குள் ஆள் நின்றால் ரோபோவை ஓடவிடாத கேமரா அது. விடுமுறை முடிந்து வந்தால் ரோபோ அசையவில்லை. திரையில் 'உள்ளே ஆள்' என்று சிவப்பாக எரிந்தது. தன் சந்தனம் செய்த வேலைதான் என்று ஏணி போட்டு ஏறி, கேமராவின் கண்ணாடியைப் பளிச்சென்று துடைத்தாள். எழுத்து போகவில்லை.

"சார், இன்னமும் ஆள் இருக்குன்னுதான் காட்டுது."

சூப்பர்வைசர் கோதண்டம் கூண்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "யாரும்மா இருக்கா? வெறுந்தரை. கேமரா பேச்சைக் கேக்காம ஓடுற மாதிரி மாத்திட்டேன். நீ ஆன் பண்ணு."

அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் கம்பியோரம் குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "யாராச்சும் இருந்தா வெளிய வந்துருங்க."

பிறகு பொத்தானை அழுத்தினாள். இரும்புக் கை ஒரே வீச்சில் மூலைவரை போய், எதிலும் இடிக்காமல் திரும்பியது.

"பாத்தியா?" என்றார் கோதண்டம்.

பரிமளா திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு அணைந்து பச்சை வந்தது. 'உள்ளே ஆள் இல்லை.'