திரும்பி வரும் பலகை

நெய்னா முகம்மது சிவப்புப் பலகையைத் தட்டிப் பார்த்தபோது காதர் மைதீன் அவன் முகத்தை இன்னொரு முறை பார்த்துக்கொண்டார்.

தரங்கம்பாடியில் புதிதாகத் திறந்த கடற்கரை ஓட்டலில் பாய்மரப் பலகைகளுக்கு அவர்தான் பொறுப்பு. மஸ்கட்டில் ஒன்பது வருடம் வெள்ளைக்காரர்களுக்கு இதே பலகைகளைக் கழுவித் துடைத்து, பிறகு ஓட்டவும் கற்றுக்கொடுத்தவர். பலகையில் நின்று பாயைப் பிடித்தால் காற்று இழுத்துப் போகும். போவது பெரிய வித்தை இல்லை. காற்றை எதிர்த்துக் கரைக்குத் திரும்புவதுதான் வித்தை.

"துபாய்ல ரெண்டு சீசன் கத்துக்கிட்டேன் நானா. ஆரம்பத்துல ஓட்டுறதெல்லாம் வேணாம். எதிர்காத்துல நல்லா ஏறுற மாதிரி ஒண்ணு குடுங்க" என்று அண்ணன் முறை வைத்துப் பேசினான் நெய்னா முகம்மது. இடுப்பிலிருந்த செல்போனைக் கழற்றிக் காதரிடம் கொடுத்தான்.

அவனுக்குக் காதரைத் தெரியாது. காதருக்கு அவனைத் தெரியும். பேப்பர் விளம்பரத்தில் சிரிக்கும் முகம்.

ஆறு வருடத்துக்கு முன் தம்பி அன்சாரை, சூப்பர் மார்க்கெட் வேலை என்று சொல்லி ரியாத்துக்கு ஏற்றிவிட்ட ஏஜெண்ட் அவன்தான். அப்படியொரு கடையே அங்கே இல்லை. இறங்கிய இடத்திலிருந்து அன்சார் ஒரே ஒருமுறை போன் செய்தான்.

"நானா, கூட்டிட்டுப் போக யாருமே வரல."

அவ்வளவுதான். பிறகு ஒரு தகவலும் இல்லை. உம்மா வாசலைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தார்.

ஆடி மாதத்து மேல்காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தது. ஆட்களை மீட்டு வரும் மோட்டார் படகு, இன்ஜினைக் கழற்றிப் போட்டு மணலில் கிடந்தது.

சிவப்புப் பலகை பார்க்க அழகு. குட்டை, எடையே இல்லை, வாலின் அடியில் மீன் துடுப்புபோல் சின்னதாக ஒரு ஃபின். காற்றோடு பறக்கும். எதிர்த்துத் திருப்பினால் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகும். கை தேர்ந்தவன் சமாளிப்பான். இரண்டு சீசன் கற்றவன் இலங்கையைத்தான் பார்ப்பான்.

பக்கத்தில் ஓரம் தேய்ந்த வெள்ளைப் பலகை. நீளமானது. நடுவயிற்றில் கத்திபோல் இறக்குகிற தகடு ஒன்று உண்டு. அது தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், வழுக்க விடாது.

"இதையே எடுத்துக்கறேன். ஏறுமில்ல?" என்று நெய்னா முகம்மது சிவப்பைத் தூக்கினான்.

ஏறும் என்று சொன்னால் போதும். அதுகூட வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். அவனாகக் கேட்டான், கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அன்சாருக்கு யாரும் வரவில்லை. இவனுக்கும் யாரும் வரமாட்டார்கள்.

காதர் சிவப்பின் முனையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏறாதுங்க" என்றார் காதர். "வெள்ளைய எடுங்க."

தகட்டை அவரே இறக்கிக் காட்டினார். பின்னால் பெரிய ஃபின்னை மாட்டி, திருகை இரண்டு தடவை முடுக்கினார். மிதவைச் சட்டையின் வாரை இறுக்கிவிட்டார். எந்த இடத்தில் திரும்ப வேண்டும், கோட்டைச் சுவரைக் குறிவைத்து எப்படி வளைந்து வளைந்து ஏறி வர வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிக் கொடுத்தார்.

"நீங்க இல்லன்னா செவப்பத் தூக்கிட்டுப் போயிருப்பேன் நானா" என்று தோளில் தட்டிவிட்டுப் போனான்.

பாய் சிறுத்துக்கொண்டே போனது. காதர் முழங்கால் தண்ணீரில் நின்று, பாவி திரும்பி வந்துவிட வேண்டும் என்று ஓதிக்கொண்டிருந்தார். அன்சாருக்காகக்கூட இப்படி துஆ கேட்டதில்லை என்று தோன்றியதும் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

வெகு தூரத்தில் பாய் கோட்டையைப் பார்த்துத் திரும்பியது.

மகன் நௌஷாதின் பாஸ்போர்ட் விசா ஸ்டாம்பிங்குக்குப் பம்பாய் போய்ப் பத்து நாள் ஆகிறது. போயே தீருவேன் என்று பையன் ஒற்றைக்காலில் நின்றான். எந்த ஏஜெண்டிடம் போனாலும் சுற்றிச் சுற்றி நெய்னா முகம்மதுவிடமே வந்து முடிந்தது. விசா வந்தாலும் இவன் கை வழியாகத்தான் வர வேண்டும்.

அவன் ஆபீசில் இருந்த பெண்ணிடம் ஃபாரத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தது காதர்தான். குடும்பத்தில் வேறு யாராவது வெளிநாட்டில் இருக்கிறார்களா என்று கேட்டிருந்த இடத்தில், இல்லை என்று எழுதியிருந்தார்.